பலன் என்ற கட்டம்

படிவத்தின் கடைசியில் மூன்று கட்டங்கள்:
நன்று, சுமார், பலனில்லை.
ஒன்றில் டிக் அடித்து
வெள்ளிக்கிழமைக்குள் தஞ்சாவூருக்கு அனுப்பணும்.

வைரக்கண்ணு, ஐம்பத்தேழு.
பொதுப்பணித்துறை லஸ்கர்.
பாமணி ஆற்று ரெகுலேட்டரில்
ஏழு ஷட்டர்கள் அவர் பொறுப்பு.
சர்க்கரை பதினோரு வருஷம்.
இடது பாதம், பெருவிரல் மேட்டுக்குக் கீழே புண்,
நான்கு புள்ளி இரண்டுக்கு மூன்று புள்ளி ஒன்று.
வலி இருக்கா என்று கேட்டேன்.
"வலிச்சா பத்து நாளைக்கு முன்னாடியே
வந்திருக்க மாட்டனா?"

அன்றைக்கு அந்தப் பாதத்தில் இருந்தது
மன்னார்குடி மெடிக்கலில் வாங்கிய காஸ் துணி,
காய்ந்து, புண்ணோடு ஒன்றாகி.
பத்தொன்பது வருஷம் நானும் அதைத்தான் செய்தேன்.
வைப்பேன். காயவிடுவேன். உரிப்பேன்.
உரிக்கையில் கூடவே வரும்
ராத்திரியெல்லாம் உடம்பு கண்விழித்துச் சேர்த்த
செக்கச்சிவந்த புதுச்சதை.
சுத்தமாயிடுச்சு என்று சொல்லி அனுப்புவேன்.
நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

இப்போது என் கையில்
பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுத்த நார்.
புண்ணின் நீர் பட்டால் கூழாகிவிடும்.
அதன்மேல் ஃபோம்.
மூன்று நாள் பிரிக்கவே கூடாது.

"மூடி வச்சா அழுகாதா?"
"ஈரம் இருந்தாத்தான் ஓரத்துத் தோல் உள்ளே நகரும்.
காஞ்ச பொருக்கு அதுக்கு வேலி."
"அப்ப தண்ணி கட்டி வைக்கணும்."
"தேங்கினா சுத்தியிருக்கிற தோல் ஊறி வெளுத்துடும்."
கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"காய்ச்சலும் பாய்ச்சலும்னு சொல்லுங்க.
இதுக்குப் போய் அட்டையில
இங்கிலீஷ்ல இத்தனை எழுத்தா?"

வாரம் ஒருமுறை கண்ணாடித்தாளை வைத்து
புண்ணின் கரையை மார்க்கரால் வரைந்தேன்.
இரண்டாம் வாரம் மஞ்சள் போய்ச் சிவப்பு.
நாற்றம் போனதை அவர் மனைவி சொன்னார்,
அறைக்குள் வராமல், கதவருகே நின்று.
ஆறாம் வாரம் ஒரு புளியங்கொட்டை அளவு.
தாள்களை அடுக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தால்
கோடையில் வடுவூர் ஏரி உள்வாங்குவது மாதிரி
கோட்டுக்குள் கோடு.

அன்றைக்கே எழுதியிருந்தால், நன்று.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் கொட்டியது.
மூன்றாம் ராத்திரி நான்காம் ஷட்டரில்
ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டது.
எடுக்காவிட்டால் மேலண்டைக் கரையில்
நட்டு இருபது நாளான பயிர் முழுகிப்போகும்.
என் ஃபோமுக்கு மேல் உரச்சாக்கின் பாலிதீனைச் சுற்றி
சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டி
துரட்டியோடு முழங்கால் தண்ணீரில்
விடியும்வரை நின்றிருக்கிறார்.

பாலிதீனைப் பிரித்தேன். ஒரு சொம்பு சேறு.
ஃபோம் வைத்த இடத்திலேயே இருந்தது,
அதற்கு நான் சாட்சி.
உள்ளேதான் ஓரமெல்லாம் சோறாய் வெளுத்து
இரண்டு புள்ளி ஒன்பது.
திட்ட வாயெடுத்தேன்.
"பயிர் தப்பிச்சிருச்சு சிஸ்டர்" என்றார்,
படிவத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருப்பதுபோல.

உப்புநீரால் கழுவினேன்.
மறுபடியும் பாசிநார், மறுபடியும் ஃபோம்.
அது எதுவும் கேட்கவில்லை,
தன்பாட்டுக்கு உறிஞ்சத் தொடங்கியது.
பெட்டியில் இன்னும் நான்கு துண்டு.
ஐந்தாவது வேண்டுமென்றால்
அவர் கடையில் வாங்கணும், விலையை
நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.
காலைத் தரையில் ஊன்றாதீங்க என்று மட்டும் சொன்னேன்.
ஏழு ஷட்டருக்கும் இரும்பு ஏணி.

கிளம்பும்போது வாசலில் திரும்பினார்.
"அந்தப் புளியங்கொட்டைத் தாளைக் குடுங்களேன்.
அவ்வளவு ஆறினதை
நான் பார்த்ததே இல்ல, குனிய முடியாதே.
வீட்லயும் நம்ப மாட்டேங்குறா."
சுருட்டி, மழை படாமல்
சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை ராத்திரி.
"இணைப்பு: ஏழு தாள்கள்" என்பதை அடித்து
ஆறு என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.
அதற்கு மேலே கட்டங்கள் மூன்று,
பேனா மூடியைத் திறந்தபடி நான்.